மைலோ டின்னில் மூன்று வீட்டுச் சாவிகள்

2024 தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய மைலோ டின். மேசையில் கவிழ்த்தபோது இருபது முப்பது சாவிகள் கொட்டின. கிரில் சாவி, பூட்டுச் சாவி, துருப்பிடித்த கேட் சாவி எல்லாம் கலந்து கிடந்தன. "எது எந்த வீட்டுதுன்னு எனக்கே தெரியல அண்ணே" என்றார். பினாங்கு தண்ணிமலைத் தண்ணீர்ப் பந்தலில் பல வருடமாக என்னோடு ஒன்றாக வேலை செய்கிற தம்பி அவர். சாதம் வடிக்கும்போதும் மோர் கலக்கும்போதும் இந்த வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் ஒரு வங்கியில் 27 வருடம் கடன் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மக்களுக்குக் கடிதம் அனுப்பும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தக் கடிதம் கிடைத்தவர்கள் பக்கத்தில் உட்கார்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரும் வீடுகள் இருக்கும் தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என்ன இருந்தது

அவருக்கு 54 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஓவர்டைம் நின்றுபோன பிறகு கைக்கு வருவது 3,900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மனைவி பலகார ஆர்டர் எடுத்துச் செய்கிறார். தீபாவளி மாதத்தில் நல்ல வருமானம், மற்ற மாதங்களில் 700, 800. குடியிருக்கும் இரட்டை மாடி வீட்டுக்கு 2019இல் கடன் முடிந்துவிட்டது. அதைத் தவிர மூன்று வீடுகள். மூன்றும் காலி.

முதலாவது பட்டர்வொர்த் பக்கம் ஒற்றை மாடி டெரஸ் (வரிசை) வீடு, 2012இல் 165,000 வெள்ளிக்கு வாங்கியது. பாக்கி 110,000, மாதத் தவணை 745. இரண்டாவது பிறையில் மூன்றாம் மாடி ஃபிளாட், 2013இல் 95,000க்கு. பாக்கி 46,000, தவணை 375. மூன்றாவது புக்கிட் மெர்தாஜாமில் மூலை மனையோடு ஒரு பழைய வீடு, 2014இல் ஏலத்தில் 190,000க்கு எடுத்தது. பாக்கி 106,000, தவணை 675.

வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வார இறுதியானால் ஹோட்டல் மண்டபங்களில் சொத்துச் சேர்க்கும் வகுப்புகள். சம்பளத்தை மட்டும் நம்பாதே, வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்பார்கள். அவரும் இரண்டு வகுப்புக்குப் போயிருக்கிறார். வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2010 நவம்பரிலிருந்து, மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வங்கி விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்திருந்தது. ஏல வீட்டுக்கு அவர் கையிலிருந்து 57,000 வெள்ளி போட வேண்டியிருந்தது. சேமிப்பு போதவில்லை, தனிநபர் கடன் எடுத்தார். அதை அடைக்க இன்னொன்று. கடைசியாக 2022இல் எடுத்தது 40,000 வெள்ளி, மாதம் 933. கடன் அட்டையில் 12,000.

எல்லாம் சேர்த்தால் மாதம் 3,328 வெள்ளி. சம்பளத்தில் மிஞ்சுவது 572. ஏல வீட்டுக்கு இரண்டு மாதத் தவணை நின்றிருந்தது. மூன்று மாதம் ஆனால் வங்கி அதை வாராக் கடனாக எண்ணத் தொடங்கும். அப்புறம் தேசிய நிலச் சட்டப்படி 16டி பாரம் என்ற தவணை தவறிய நோட்டீஸ் வரும், அதன் பின் ஏலத்துக்கான மனு. அந்தக் கடிதங்களை நானே எத்தனையோ தடவை தயார் செய்திருக்கிறேன். அதனால்தான் அன்று இரவே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம்.

போய்ப் பார்த்தோம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக்கும் போனோம். வீட்டு உரிமையாளர்கள் இதைத்தான் தள்ளிப் போடுகிறார்கள். அவரும் ஏல வீட்டுக்குள் போய் 11 மாதம் ஆகியிருந்தது. சோம்பல் இல்லை, பயம். உள்ளே போனால் இன்னும் எவ்வளவு செலவு என்று தெரிந்துவிடும் அல்லவா.

ஏல வீட்டில் கேட்டைத் திறக்கவே அரைமணி நேரம். கூரைத் தண்ணீர்க் கால்வாயில் ஒரு ஆலங்கன்று வேர் விட்டிருந்தது. கதவு நிலையை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. கரையான். ஏலத்தில் எடுக்கும்போது உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள், இருக்கிறபடி எடுத்துக்கொள் என்பதுதான் நிபந்தனை. அவர் வெளியிலிருந்து பார்த்து, மூலை மனை, பெரிய இடம் என்று கை தூக்கிவிட்டார். முதல் நாளிலிருந்தே கரையான் இருந்திருக்கிறது. பின்பக்கம் ஒரு நீல வாளியில் மழைத் தண்ணீர், அதில் கொசுப்புழு நெளிந்தது. முந்தைய ஆண்டே சுகாதார அதிகாரிகள் 500 வெள்ளி அபராதம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏடிஸ் கொசு உற்பத்தியானால், வீடு காலி என்பது காரணமாகாது; சொந்தக்காரரே பொறுப்பு. பக்கத்து வீட்டில் ஒரு சிறு பையனுக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் இருந்தானாம். அந்த வீட்டு அம்மா எங்களைத் திட்டவில்லை, வாளியைக் காட்டினார், அவ்வளவுதான். அவர் அந்த இடத்திலேயே குனிந்து வாளியைக் கவிழ்த்தார். வீடு காலியாகக் கிடப்பது நம் பணத்தை மட்டும் தின்பதில்லை என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

டெரஸ் வீட்டின் நிலை வேறு. 14 மாதத்துக்கு முன் வாடகைக்காரர் நான்கு மாத பாக்கியோடு இரவோடு இரவாகப் போயிருந்தார். பின்னால் வந்த திருடர்கள் மின்கம்பிகளில் செப்பை உருவிக்கொண்டு, அலுமினிய ஜன்னல் சட்டங்களையும் கழற்றியிருந்தார்கள். மீட்டர் துண்டிக்கப்பட்டிருந்தது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சுவர், கூரை, தரை மூன்றும் திடமாக இருந்தன. பயந்த அளவுக்குச் சேதமில்லை.

ஃபிளாட்டில் ஒரே ஒரு கோளாறு. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகி, கூரையில் கரும்பூஞ்சை. வந்து பார்த்தவர்கள் அந்தக் கறையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். எட்டு மாதம் காலி. அவர் மேல் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுப் பேச்சு நின்றிருந்தது. சண்டைக்கே தேவையில்லை. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளில், கூரையில் ஒழுகினால் அது மேல் வீட்டிலிருந்து வருவதாகவே முதலில் கருதப்படும். எழுத்தில் புகார் கொடுத்தால் ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், பார்த்த பிறகு சான்றிதழ் தர வேண்டும். மேல் வீட்டுக்காரர் சரிசெய்ய மறுத்தால் அடுக்குமாடித் தீர்ப்பாயம் இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பராமரிப்புக் கட்டணத்தில் அவரே 2,300 வெள்ளி பாக்கி வைத்திருந்ததால் நிர்வாகத்தினர் முகம் கொடுக்கவில்லை. மாதம் 200 வீதம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு வந்து பார்த்தார்கள்.

வரும் வழியில் அவர் ஒன்று கேட்டார். வீடு காலியாக இருந்தால் மாநகர் மன்ற வரியில் கழிவு உண்டாமே? உண்டு. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 162ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்க வேண்டும், நியாயமான வாடகைக்கு ஆள் தேடியதைக் காட்ட வேண்டும். அவருடைய மூன்று வீட்டில் ஒன்றுகூட அதற்குத் தகுதி பெறாது. பாழடைந்த வீட்டுக்காரருக்குச் சட்டம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைப்பது

அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. கடன் முடிந்த இரட்டை மாடி வீட்டை மறுபடி வங்கியில் வைத்து 150,000 எடுப்பது. மூன்று வீட்டையும் பழுது பார்ப்பது, அட்டைக் கடனையும் தனிநபர் கடனையும் அடைப்பது. ஒரு கடன் ஏஜென்ட் கணக்குப் போட்டும் கொடுத்திருந்தார்.

கணக்கு தப்பில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தனிநபர் கடன் பத்திரத்தில் 8 விழுக்காடு என்று போட்டிருந்தது. அது முழுத் தொகைக்கும் ஐந்து வருடத்துக்குமாகப் போடும் வட்டி. குறைந்துவரும் பாக்கிக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய 14 விழுக்காடு. வீட்டுக் கடன் நாலரை. 14 விழுக்காட்டுக் கடனை நாலரையால் அடைப்பது எண்ணளவில் சரிதான்.

நான் வேண்டாம் என்றேன். இதுவரை அவர் தோற்றாலும் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தது, யாரும் அதைத் தொட முடியாது. ஏல வீட்டுக்கு 70,000 வெள்ளியாவது கொட்ட வேண்டும், அப்புறமும் அந்த இடத்தில் 900 வெள்ளிக்கு மேல் வாடகை வராது. அதற்காக மனைவி மக்கள் தூங்கும் வீட்டை வங்கியின் கையில் கொடுப்பதா? வசூல் பிரிவில் நான் பார்த்த குடும்பங்களில் மிக மோசமாக விழுந்தவர்கள் முதல் வீட்டை இழந்தவர்கள் அல்ல. ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னொன்றைப் பணயம் வைத்தவர்கள்தான். அதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டார்.

என் யோசனை இது: ஏல வீட்டை இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுவது. ஒரு வெள்ளிகூடப் பழுதுபார்க்கச் செலவழிக்கக் கூடாது. சீக்கிரம் வாடகைக்குப் போகக்கூடிய ஃபிளாட்டை முதலில் சரிசெய்வது, டெரஸ் வீட்டை அடுத்து.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் பேச்சு நடந்தது. ஏல வீடு மகளுக்கு என்று வைத்திருந்தாராம். டெரஸ் வீடு மகனுக்கு, ஃபிளாட் முதுமைக்கு வருமானம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் எழுதி வைத்த மனிதரிடம் சந்தை விலையைப் பேசிப் பயனில்லை. கடைசியில் மகளே கேட்டாள், கல்லூரியிலிருந்து வந்திருந்தவள்: "அப்பா, அந்த வீட்டோட கடனையும் சேர்த்துத்தானே எனக்குத் தரப் போறீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, "ஏஜென்டக் கூப்பிடலாம் அண்ணே" என்றார்.

பணம் எங்கிருந்து வந்தது

வீடு விற்கும்வரை மூச்சுவிட வழி வேண்டும். முதலில் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேவுக்குப் போனோம். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, பினாங்கிலும் கிளை உண்டு. நம்மவர்கள் அங்கே போவதை அவமானமாக நினைக்கிறார்கள். கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் போவதற்கு அந்த வெட்கம் வருவதில்லை. இந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்காது. ஆலோசகர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செலவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முழுக் கடன் நிர்வாகத் திட்டத்தில் சேரலாம், சேர்ந்தால் அது முடியும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது என்று விளக்கினார். விற்க ஒரு சொத்து இருப்பதால் முதலில் வங்கியிடமே பேசிப் பார்க்கச் சொன்னார்.

வங்கிக்கு நாங்கள் எடுத்துப் போனது மூன்று தாள்: சம்பளச் சீட்டு, எல்லாக் கடனும் எழுதிய பட்டியல், ஏஜென்டிடம் விற்கக் கொடுத்த ஒப்பந்தம். ஏல வீட்டுக்கு ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கிடைத்தது. கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையில் இது பதிவாகும் என்று சொன்னார்கள். ஆகட்டும். தவணை தவறியது பதிவாவதைவிட இது மேல். கடிதம் வரும்வரை காத்திராமல் நாமே போய் நின்றால் எந்த வசூல் அதிகாரியும் வேறு மாதிரிதான் பேசுவார். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

பழுதுபார்க்கும் பணத்துக்கு அவருடைய இரண்டாவது காரை விற்றோம், 2011ஆம் ஆண்டு மைவி, 12,500 வெள்ளி. ஃபிளாட்டுக்கு 4,800 ஆனது: பூஞ்சை சுரண்டிச் சாயம், குளியலறைக் குழாய், புதுப் பூட்டு. மே மாதம் ஒரு இளம் தம்பதி 550 வெள்ளிக்கு வந்தார்கள்.

டெரஸ் வீட்டுக்கு ஒரு ஏஜென்ட் 1,400 வெள்ளி தருகிறேன் என்று வந்தார், வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்க வைக்க. தம்பிக்குக் கண்கள் விரிந்தன. எத்தனை பேர் என்று கேட்டேன். இருபதுக்கு மேல் இருக்கும் என்றார். மூன்று அறை வீடு அது. தொழிலாளர் தங்குமிடத் தரம் பற்றிய 446ஆம் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு முதலாளி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஒருவருக்கு இவ்வளவு இடம் என்ற அளவும் இருக்கிறது. சான்றிதழைக் காட்டுங்கள் என்றதும் அவர் திரும்பி வரவில்லை. நம் தாத்தாமார் தோட்டத்து லயத்தில் எப்படி அடைபட்டுக் கிடந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பணம் நமக்கு வேண்டாம் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார்.

பிறகு ஓடு பதிக்கும் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். வாடகை 850. பொருள் செலவு நம்முடையது, வேலை அவருடையது, கூலிக்கு ஈடாக ஜூனிலிருந்து ஐந்து மாத வாடகை தள்ளுபடி. பொருளுக்கு 7,000 ஆனது. மின்கம்பியை மட்டும் உரிமம் பெற்றவரை வைத்தே இழுக்கச் சொன்னேன். வேலைப் பட்டியலை அறை வாரியாக எழுதி, படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாடகைக்காரரைப் பற்றி

பழைய வாடகைக்காரர் கதையில் அவருடைய பங்கும் உண்டு. "நம்ம ஆளு" என்று முன்பணம் வாங்கவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை, மின்சாரக் கணக்கும் அவர் பேரிலேயே இருந்தது. பாக்கி ஏறியதும் கோபத்தில் தண்ணீரை நிறுத்தி, கேட்டுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7ஆம் பிரிவின்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது. அந்த ஆள் போலீசுக்குப் போயிருந்தால் இவர்தான் நின்றிருப்பார். வாடகை பாக்கிக்கு 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின் கீழ், 12 மாத பாக்கி வரை நீதிமன்றம் மூலம் பொருளைப் பிடிக்கலாம். ஆனால் ஆள் ஓடுமுன் செய்ய வேண்டும், கையில் ஒப்பந்தமும் இருந்தால் நல்லது.

இந்த முறை ஃபிளாட்டுக்கு இரண்டு மாத முன்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு. முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம். மின்சாரக் கணக்கு குடியிருப்பவர் பேரில். தீக்காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதி, வீட்டில் இப்போது ஆள் இருக்கிறார்கள் என்று தெரிவித்தோம். வீடு காலியாகக் கிடந்தபோது அவர் சொல்லவே இல்லை. அப்போது தீப்பிடித்திருந்தால் இழப்பீடு கிடைக்காமல் போயிருக்கலாம்.

விற்பனையும் என் தவறும்

ஏல வீட்டுக்கு 220,000 கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். மூலை மனை என்ற நினைப்பு எனக்கும் ஏறியிருந்தது. மூன்று மாதம் வெறுமனே போனது. ஜூனில் 205,000க்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். அவருடைய வங்கியின் மதிப்பீட்டாளர் உள்ளே போய்ப் பார்த்து 180,000தான் போட்டார், கடன் கிடைக்கவில்லை, அவர் பின்வாங்கினார். கரையான் பிடித்த வீட்டுக்கு வங்கி கடன் தராது, கையில் பணம் உள்ளவர்தான் வாங்குவார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் தம்பி இரவு வேலையும் சேர்த்துப் பார்த்தார். அந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பு. அவரிடமும் அப்படியே சொன்னேன்.

கடைசியில் வாங்கியது பக்கத்து வீட்டுக்காரர், அந்த வாளியைக் காட்டிய அம்மாவின் குடும்பம். இடித்துவிட்டு மகனுக்குக் கட்டப் போகிறார்கள். 188,000 வெள்ளி, கடன் இல்லாமல். முதல் நாளே அவர்கள் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம்.

2025 மார்ச்சில் பத்திரம் முடிந்தது. வங்கிக்கு 107,500. ஏஜென்ட் கட்டணம் 3 விழுக்காடும் அதன்மேல் சேவை வரியும். வழக்கறிஞர் கட்டணம், நின்றிருந்த வரி பாக்கி 1,900. சொத்து ஆதாய வரி இல்லை. 2022இலிருந்து குடிமக்கள் ஐந்து வருடத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் அது பூஜ்யம். கைக்கு வந்தது ஏறக்குறைய 69,700. தனிநபர் கடனை 23,000 கொடுத்து முடித்தார், கடன் அட்டைக்கு 10,500. மிஞ்சிய 36,000 தனிக் கணக்கில் இருக்கிறது. தங்கச்சியின் கையெழுத்தும் இல்லாமல் எடுக்க முடியாது. அது தங்கச்சி போட்ட நிபந்தனை.

190,000க்கு வாங்கிப் பத்து வருடம் வட்டியும் வரியும் கட்டி 188,000க்கு விற்றது நட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாதம் 3,328 வெள்ளி போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது இரண்டு வீட்டுத் தவணை 1,120, வாடகை வரவு 1,400. பராமரிப்புக் கட்டணம், நில வரி, வீட்டு வரி போனால் கையில் நிற்பது சொற்பம். வருமான வரிக்கு வட்டி, வரி, பழுதுபார்ப்புச் செலவுகளைக் கழிக்கலாம் என்பதால் ரசீதுகளை ஒரு கோப்பில் போடப் பழகியிருக்கிறார்.

சாவிகளில் பாதியைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. டெரஸ் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இன்னும் மாற்றவில்லை. ஃபிளாட்டின் கூரையில், மேல் வீட்டுக்காரர் சரிசெய்த பிறகும், குளியலறை மூலையில் மறுபடி ஈரம் தெரிவதாகப் போன வாரம் அங்கே குடியிருக்கும் பெண் படம் அனுப்பினாள். தம்பி முன்பு மாதிரி மேலே ஏறிச் சத்தம் போடவில்லை. அன்றைக்கே புகார்க் கடிதம் எழுதி, நிர்வாகத்தில் முத்திரை போட்ட நகலும் வாங்கி வந்துவிட்டார். வரும் வியாழக்கிழமை ஏழாவது நாள்.